மயிர்க்காலின் கெடு

அண்ணன் மகள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து என்னிடம் கேட்கிற கேள்விகளில் பாதி தலைமுடியைப் பற்றியதுதான். போன வாரம் போனில் பேசும்போது குரலே உடைந்துவிட்டது. "அத்தை, என் ரூம்மேட் எண்ணெய்கூட வைக்க மாட்டா. அவளுக்கு இடுப்பு வரைக்கும் தொங்குது. நான் செம்பருத்தி, வெந்தயம், கரிசலாங்கண்ணின்னு எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். தோளைத் தாண்டி நாலு விரக்கடையோட நின்னுருச்சு. எனக்கு மட்டும் ஏன் வளரவே மாட்டேங்குது?"

வளருகிறது. அவள் முடியும் அந்தத் தோழியின் முடியும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் வளர்கின்றன. வளர்வதற்கு அவரவர் மயிர்க்காலுக்குக் கிடைத்திருக்கும் கெடுதான் வேறு. இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. பாடத்திட்டத்தில் இதற்குக் கிடைக்கும் இடமோ ஒரு சில வரிகள். அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் புருவத்தைப் பாருங்கள். பார்லரில் நூல் போட்டு வடிவம் திருத்துவதை விட்டுவிடுங்கள். நீளம் குறைப்பதற்காக நம்மில் பெரும்பாலோர் புருவத்தை வெட்டியதே இல்லை. ஆனாலும் அது ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நின்றுவிடுகிறது. இமை முடி, கை முடி, கால் முடி எல்லாம் அப்படித்தான். காலில் சவரம் செய்தால் பழைய நீளத்துக்கு வந்து மறுபடி நிற்கிறது. யாரோ அளந்து பார்த்து 'போதும்' என்று சொல்வது போலத் தோன்றும். ஆனால் முடியில் நரம்பு கிடையாது, உயிரும் கிடையாது. நுனி எங்கே இருக்கிறது என்று தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலுக்குத் தெரிய வழியே இல்லை. அது அளவு பார்ப்பதில்லை, நாள் பார்க்கிறது. குறிப்பிட்ட காலம் வளர்க்கும், நிறுத்தும், சில மாதம் சும்மா இருக்கும், பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். புருவத்தில் அந்த வளரும் காலம் சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதம் வரைதான். தலையில் இரண்டு ஆண்டிலிருந்து ஆறேழு ஆண்டு வரை.

இந்தச் சுழற்சியின் கட்டங்களுக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் பெயர்களை வைத்தவர் பிரான்சிஸ் டிரை என்ற விலங்கியலாளர். 1926-இல் எலியின் ரோமத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில்தான் அனாஜென், கேட்டாஜென், டெலோஜென் என்ற மூன்று சொற்களும் பிறந்தன. பிறகு அவர் நியூசிலாந்துக்குப் போய்ச் செம்மறியாட்டுக் கம்பளியை ஆராய்ந்தார். தரைவிரிப்பு நெய்ய ஏற்ற முரட்டுக் கம்பளி தரும் ஓர் ஆட்டினத்துக்கு அங்கே டிரைஸ்டேல் என்று அவர் பெயரையே வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க ரோமத்தோடு இருந்த மனிதர்.

அனாஜென் என்பது வளர்பருவம். மயிர்க்காலின் அடியில் குமிழ் போலப் புடைத்த பகுதியில் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. உடம்பிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களில் இவையும் சேர்த்தி. புற்றுநோய்க்குக் கீமோதெரபி கொடுக்கும்போது முடி கொட்டுவது இதனால்தான். வேகமாகப் பிரியும் செல்களைத் தேடி அழிக்கும் மருந்து இவற்றையும் அழித்துவிடுகிறது. பிரிந்த செல்கள் மேலே தள்ளப்படும்போது கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, இறுகி, இறந்து, முடியாக வெளியே வருகின்றன. நாளைக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கெடு முடிந்ததும் கேட்டாஜென் வருகிறது. இரண்டு மூன்று வாரத்தில் மயிர்க்காலின் கீழ்ப்பகுதி தானாகவே சுருங்கி மறைகிறது. உடம்பு தான் கட்டியதைத் தானே ஒழுங்காகப் பிரித்து எடுத்துவைக்கும் அந்த நிகழ்வு என்னை எப்போதும் வியக்கவைக்கும். அடுத்தது டெலோஜென், சுமார் மூன்று மாத ஓய்வு. முடி தலையில்தான் இருக்கும், ஆனால் அடிக்குமிழ் சுருங்கி வெளுத்திருக்கும், வளர்ச்சி இருக்காது. பிறகு சீவும்போதோ குளிக்கும்போதோ வந்துவிடும்.

புதிய முடிக்கான ஸ்டெம் செல்கள் அடியில் இருக்கும் குமிழில்தான் இருக்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். 1990-இல் ஜார்ஜ் காட்சரெலிஸும் உடன் ஆய்வாளர்களும் அவை இன்னும் மேலே, தோலின் மேற்பரப்புக்குக் கிட்ட இருப்பதைக் காட்டினார்கள். குளிரில் மயிர்க்கூச்செறியும்போது முடியை இழுத்து நிமிர்த்தும் குட்டித் தசை ஒன்று உண்டு. அது மயிர்க்காலோடு ஒட்டும் இடத்தில்தான் அந்த ஸ்டெம் செல்கள் குடியிருக்கின்றன. அவை பத்திரமாக இருக்கும்வரை முடி எத்தனை முறை உதிர்ந்தாலும் மறுபடி வரும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள். இவை எல்லாம் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு எந்த எண்ணெயும் புதிதாக ஒன்றை உண்டாக்கியதில்லை. ஒருத்திக்கு வளர்பருவம் மூன்று ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1.1 சென்டிமீட்டர் வீதம் 40 சென்டிமீட்டர் வரும். தோளைத் தாண்டி நாலு விரக்கடை. இன்னொருத்திக்கு ஆறு ஆண்டு என்றால் 80 சென்டிமீட்டர், இடுப்பு. வேகத்தில் மயிரிழை வித்தியாசமும் இல்லை, நீளம் மட்டும் இரண்டு மடங்கு.

இதே கணக்கில் இன்னொன்றும் கிடைக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு முடியும் உதிர்ந்தாக வேண்டும் என்றால், ஒரு லட்சத்தைச் சுமார் 1,100 நாளால் வகுங்கள். நாளைக்கு 90 முடி. ஆறு ஆண்டுக் கெடு உள்ளவளுக்கு நாளைக்கு 45. ஆக, முதலாமவள் சீப்பில் எப்போதும் அதிகமாக முடி இருக்கும். "உனக்கு நிறையக் கொட்டுது, அதான் வளரல" என்று வீட்டில் சொல்வார்கள். கொட்டுவதால் நீளம் குறையவில்லை. கெடு குறைவாக இருப்பதால் நீளமும் குறைகிறது, கொட்டுவதும் கூடுகிறது. இரண்டும் ஒரே காரணத்தின் பிள்ளைகள். ஐம்பதிலிருந்து நூறு வரை உதிர்வது இயல்பு என்று தோல் மருத்துவர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த எளிய வகுத்தல்தான். இதைத் தெரிந்துகொண்டால் எத்தனையோ பெண்கள் குளியலறை வடிகாலைப் பார்த்துப் பதறுவது நின்றுவிடும் என்று மனதார நம்புகிறேன்.

தினமும் இத்தனை உதிர்ந்தும் தலை காலியாகாமல் இருப்பதற்குக் காரணம், மயிர்க்கால்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதுதான். ஊரில் எல்லோரும் ஆடிப்பட்டத்தில் விதைத்தால் தை மாதத்தில் வயல்கள் எல்லாம் மொத்தமாக வெறுமையாகிவிடும். ஆளுக்கொரு பட்டத்தில் விதைத்தால் எந்த மாதமும் எங்காவது பச்சை இருக்கும். நம் தலை இரண்டாம் வகை. எந்த நாளில் பார்த்தாலும் நூற்றில் 85 முதல் 90 முடி வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சத்தில் பெரும்பகுதி ஓய்வில் இருக்கும். எலிக்கு அப்படி இல்லை. அதன் ரோமம் முதுகில் அலை அலையாக ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்து ஒன்றாக நிற்கும்.

மனிதருக்கும், ஆளுக்கொரு பட்டத்தில் விதைக்கும் அந்த ஒழுங்கு வாழ்க்கையில் ஓரிரு முறை குலைகிறது. குலையும்போது நாம் வேறு எதையோ காரணம் சொல்கிறோம். கைக்குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்தில் பின்தலையில் முடி உதிர்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். தொட்டிலில் மல்லாக்கவே படுத்திருப்பதால் தேய்ந்துவிட்டது என்பார்கள். வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் முன்தலை முடிகள் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. பின்தலை முடிகள் பிறக்கும் தறுவாய்வரை வளர்ந்து, பிறகு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. மூன்று மாத ஓய்வு முடிந்ததும் சேர்ந்து உதிர்கின்றன. தேய்வதும் கொஞ்சம் கூட்டும்தான், ஆனால் நாள் குறித்தது மயிர்க்கால்.

அதே மூன்றாம் மாதத்தில் தாய்க்கும் கொட்டுகிறது. "பிள்ளை முகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் கவனித்தவரை அது துல்லியமான கவனிப்பு. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜென் மிகுந்திருப்பதால் ஓய்வுக்குப் போக வேண்டிய முடிகளும் போகாமல் வளர்பருவத்திலேயே தங்குகின்றன. ஏழெட்டு மாதக் கர்ப்பிணிக்குத் தலை நிறைய முடி இருப்பது அதனால்தான். பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜென் சரிகிறது. காத்திருந்த முடிகள் எல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகின்றன, மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கின்றன. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் இரண்டு மூன்று மாதத்தில்தான். சிரிப்பு காரணமில்லை, ஆனால் காலக்குறிப்பு சரி. பாட்டிமார் பஞ்சாங்கம் பார்க்காமலே இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பதில் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அந்தச் சொல்லில் ஆறுதலும் இருக்கிறது: இது எல்லோருக்கும் வருவது, போய்விடும்.

கடும் காய்ச்சல், டெங்கு, கோவிட், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது, இவற்றுக்குப் பின்னும் இதே நடக்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-இல் இதற்கு டெலோஜென் எஃப்லூவியம் என்று பெயர் வைத்தார். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது பெருவாரியான மயிர்க்கால்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. விளைவு இரண்டு மூன்று மாதம் கழித்தே தெரியும். அதனால்தான் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறோம். தண்ணீர் மாறியது, ஷாம்பு மாறியது, கண் பட்டது என்கிறோம். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

நீளம் என்பது காலம் என்று நான் சொல்வதை ஆராய்ச்சியாளர்கள் நேரடியாகவே பயன்படுத்துகிறார்கள். 1999-இல் அர்ஜென்டினா, சிலி எல்லையில் இருக்கும் யுயையாக்கோ எரிமலையின் உச்சிக்கருகே, 6,700 மீட்டர் உயரத்தில், இன்கா காலத்தில் பலியிடப்பட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் உறைந்த நிலையில் கிடைத்தன. மூத்தவள் சுமார் 13 வயதுச் சிறுமி. 500 ஆண்டுக்கு முந்தைய அவளுடைய நீண்ட பின்னலை ஆண்ட்ரூ வில்சன் குழுவினர் வேரிலிருந்து நுனிவரை துண்டு துண்டாக ஆய்ந்தார்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு மாதம். இறப்பதற்கு ஓராண்டு முன்புவரை எளியவர் உணவு. அதன்பின் திடீரென்று மக்காச்சோளமும் இறைச்சியும் கூடுகின்றன. அந்த ஓராண்டில் கோக்கா இலையின் தடயமும் ஏறுகிறது. கடைசி வாரங்களில் மது மிக அதிகம். தேர்ந்தெடுக்கப்பட்டு, கொழுக்கவைக்கப்பட்டு, மயக்கப்பட்டு அழைத்துச் செல்லப்பட்ட ஒரு குழந்தையின் கடைசி இரண்டு ஆண்டுகள் அவள் தலைமுடியில் மாதவாரியாக இருந்தன. 2013-இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கெடு எவ்வளவு தூரம் நீளலாம்? சீனாவைச் சேர்ந்த சியே சியூபிங் 1973-இல் தன் 13-ஆவது வயதிலிருந்து முடி வளர்த்தார். 2004 மே 8 அன்று கின்னஸுக்காக அளந்தபோது 5.627 மீட்டர். 31 ஆண்டில் 562 சென்டிமீட்டர் என்றால் மாதத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர். வேகம் சராசரியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் அந்த முடி முப்பது ஆண்டு நிற்காமல் வளர்ந்திருக்க வேண்டும்! உத்தரப் பிரதேசத்தின் ஸ்மிதா ஸ்ரீவத்சவாவுக்கு 2023-இல் கின்னஸ் பதிவு செய்த நீளம் 236.22 சென்டிமீட்டர். சராசரி வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் பதினெட்டு ஆண்டு வளர்ந்த முடி. இவர்கள் என்ன தேய்த்தார்கள் என்று பத்திரிகைகள் கேட்கின்றன. ஆனால் ஆறு ஆண்டுக் கெடு உள்ள ஒருவர் அதையே தேய்த்தாலும் இந்த நீளம் வராது.

அந்தக் கெடுவை வைப்பது யார் என்ற கேள்விக்கு 1994-இல் ஒரு பெரிய பதில் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் கெயில் மார்ட்டினின் ஆய்வகத்தில் எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணுவை எலிகளில் செயலிழக்கச் செய்தார்கள். எலிகளுக்கு வேறு பெரிய மாற்றமில்லை; ரோமம் மட்டும் நீண்டுபோனது. ஏற்கெனவே அங்கோரா எலி என்று ஒரு நீள்ரோம வகை இருந்தது. அதிலும் இதே மரபணுதான் பழுதாகியிருந்தது. 'வளர்ந்தது போதும், நிறுத்து' என்று சொல்லும் புரதம் இது. சொல்ல ஆள் இல்லாததால் வளர்பருவம் நீண்டுவிட்டது. நீள்ரோமப் பூனைகளிலும் நாய்களிலும் பிறகு இதே மரபணு மாற்றங்களைக் கண்டார்கள். மனிதர்களில்? சில குடும்பங்களில் இமை முடி அளவுமீறி நீளமாக வளரும். 2014-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிளேர் ஹிக்கின்ஸும் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் அந்தக் குடும்பங்களில் எஃப்ஜிஎஃப்5 பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தலைமுடி நீளத்தைத் தீர்மானிப்பது இந்த ஒன்று மட்டும் அல்ல. ஆனாலும் நிறுத்தும் பொறுப்பு பிறவியிலேயே எழுதி வந்த ஒன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் குணம் ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் உள்ளேயே இருக்கிறது. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக், பின்தலை மயிர்க்கால்களை வழுக்கை விழுந்த முன்தலையில் நட்டுப் பார்த்ததை 1959-இல் வெளியிட்டார். நட்ட இடம் வழுக்கை, ஆனால் நட்ட முடி வழுக்கையாகவில்லை. தான் பிறந்த இடத்தின் குணத்தோடே வளர்ந்தது. இன்று ஊருக்கு ஊர் விளம்பரம் செய்யும் முடி நடும் சிகிச்சை முழுவதும் இந்த ஒரு உண்மையின்மேல்தான் நிற்கிறது. இன்னும் ஆச்சரியமானது 1999-இல் இங்கிலாந்தின் டர்ஹாமில் நடந்தது. காலின் ஜஹோடா தன் தலையின் மயிர்க்கால்களின் அடிப்பகுதியிலிருந்து கொஞ்சம் திசுவை எடுத்து, சக ஆய்வாளர் அமாண்டா ரெனால்ட்ஸின் முன்கையில் வைத்தார். சில வாரத்தில் அந்தப் பெண்ணின் கையில் புதிய முடிகள் முளைத்தன. மென்மையான கைமுடிகள் அல்ல, தடித்த முடிகள். ஆணின் திசு கட்டளை இட, பெண்ணின் தோல் கட்டிக்கொடுத்திருக்கிறது.

ஆண்களின் வழுக்கையையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி தெரியும். உச்சியிலும் முன்தலையிலும் உள்ள மயிர்க்கால்களில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஒவ்வொரு சுழற்சியிலும் கெடுவைக் குறைத்துக்கொண்டே வருகிறது. மூன்று ஆண்டு வளர்ந்த முடி அடுத்த முறை ஓராண்டு, அதற்கடுத்து சில மாதம். மயிர்க்கால் குறுகுவதால் முடியும் மெலிகிறது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி. முடி போய்விட்டது என்கிறோம். மயிர்க்கால் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது, கெடுதான் போய்விட்டது. பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களில் சிலருக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது வழுக்கை தொடங்கியதையும் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இலேயே எழுதினார். விசித்திரம் என்னவென்றால், அதே ஹார்மோன்தான் தாடியை வளர்க்கிறது. வயதான தாத்தாக்களுக்குத் தலை வெறுமையாக, புருவமும் காதுமுடியும் நீண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கட்டளைக்கு இடத்துக்கு இடம் மயிர்க்கால் எதிரெதிராகப் பதில் சொல்கிறது.

கெடுவை மருந்தால் நீட்ட முடியுமா என்றால், முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் எதிர்பாராமல் கிடைத்தன. கண் நீர் அழுத்த நோய்க்கு பிமாட்டோபிராஸ்ட் என்ற சொட்டு மருந்து போட்டுக்கொண்டவர்களின் இமை முடி நீளமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்தது. 2008-இல் இமைக்கென்றே அதை அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். மினாக்ஸிடில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்தது. தலையில் தடவும் திரவமாக 1988-இல் அங்கு அனுமதி பெற்றது. ஓய்வைச் சுருக்கி, வளர்பருவத்தை நீட்டுகிறது. நிறுத்தினால் சில மாதத்தில் பலனும் நின்றுவிடும். இவை கெடு குறைந்துபோனவர்களுக்கான மருந்துகள். நல்ல தலைமுடி உள்ள பெண் இன்னும் ஒரு சாண் வேண்டும் என்பதற்காகத் தானே வாங்கித் தடவுவதை நான் ஏற்க மாட்டேன்.

மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்ற நம்பிக்கையைப் பற்றி என் மாணவிகள் ஆண்டு தவறாமல் கேட்பார்கள். பழனியிலும் சமயபுரத்திலும் திருப்பதியிலும் நாம் கொடுக்கும் காணிக்கை பக்தியின் விஷயம். அதைத் தொட எனக்கு உரிமையில்லை. உயிரியல் மட்டும் சொல்கிறேன். கத்தி மயிர்க்காலைத் தொடுவதே இல்லை. வெளியே இருக்கும் உயிரற்ற தண்டைத்தான் வெட்டுகிறது. முதன்முதலில் முளைக்கும் முடிக்கு நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். வெட்டிய முடிக்கு நுனி மொட்டையாக, அடிப்பருமனோடு இருக்கும். அதனால் தடவினால் சொரசொரப்பாக, அடர்த்தியாகத் தெரிகிறது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியலாளர் 1928-இலேயே அளந்து, சவரத்தால் முடியின் பருமனோ வேகமோ மாறுவதில்லை என்று காட்டிவிட்டார். குழந்தைக்கு மொட்டைக்குப் பின் அடர்த்தியாக வருவது, அந்த வயதில் எப்படியும் வந்திருக்கும்.

நீண்ட முடியைக் காணிக்கையாகக் கொடுத்த பெண்களுக்கு ஒரு குறிப்பு. மறுபடி பழைய நீளம் வரும், ஆனால் சீராக வராது. கெடு ஆறு ஆண்டு என்றால், மொட்டை அடித்த நாளில் ஐந்து ஆண்டு முடித்திருந்த முடிக்கு இன்னும் ஓராண்டுதான் பாக்கி. ஒரு சாணுக்குள் வளர்ந்து உதிர்ந்துவிடும், பிறகு புதிதாகத் தொடங்கும். முதலாண்டில் இருந்த முடிதான் நேராக நீளும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுவரை நுனி ஏறுக்கு மாறாக, மெலிந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒரு முழுச் சுற்று முடிய வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் எண்ணெயும் பராமரிப்பும் வீணா என்று கேட்பீர்கள். வீணில்லை. கெடு என்பது உச்ச வரம்பு. பலருடைய முடி அந்த வரம்பைத் தொடும் முன்பே நுனி வெடித்து முறிந்துவிடுகிறது. இடுப்பு வரை இருக்கும் முடியின் நுனிக்கு ஆறு வயது. ஆறு ஆண்டு வெயிலும் சோப்பும் சிக்கெடுப்பும் பட்டது அது. உயிரில்லாததால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள முடியாது. 2003-இல் ஆர்த்தி ரெலேயும் மொஹிலேயும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் கரைந்துபோவதைக் கணிசமாகக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியது, நேரானது; முடிக்குள்ளே நுழைகிறது. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணெய் வேரை வளர்க்காது, தண்டைக் காக்கும். குளிப்பதற்கு முன் வைப்பதுதான் பயன். நுனி வெட்டினால் வளரும் என்பதும் இப்படித்தான்: வேருக்கு அந்தச் செய்தி போகாது, ஆனால் வெடிப்பு மேலே ஏறுவது நிற்கும்.

எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் வேறு. தினமும் காலையில் பிரேயரில் நிற்கும் பெண்களைப் பார்க்கிறேன். இழுத்து வாரி, இரட்டைச் சடை போட்டு, மடித்து ரிப்பன் கட்டி, நெற்றித் தோலே மேலே இழுபடுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி இழுத்தால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலேயும் மயிர்க்கால்கள் நிரந்தரமாக வடுவாகிவிடும். பிறகு எதுவும் முளைக்காது. முன்நெற்றி ஏறிய பல பெண்களுக்கு அது பிறவி அல்ல, பள்ளிக்காலத்துப் பின்னல். விதி என்று இருந்தால் சடை போடட்டும், தளர்வாகப் போடட்டும். என் வகுப்பில் அதை நான் வாய்விட்டே சொல்கிறேன்.

உங்கள் கெடு என்ன என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். சீப்பில் வரும் முடிகளை ஒரு வாரம் வெள்ளைத் தாளில் எடுத்துவையுங்கள். ஒரு முனையில் கடுகில் பாதி அளவுகூட இல்லாத வெண்மையான குமிழ் இருந்தால், அது தன் காலத்தை முடித்து வந்த முடி. குமிழ் இல்லாதது முறிந்தது. குமிழுள்ள முடிகளில் மிக நீளமானவை, மறு நுனி வெட்டுப்படாமல் கூர்ந்திருந்தால், உங்கள் தலை தரக்கூடிய நீளம் ஏறத்தாழ அதுதான். குமிழில்லாதவை மிகுதி என்றால் உங்களுக்கு இன்னும் நீளம் பாக்கி இருக்கிறது: ஈர முடியை வாராதீர்கள், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள், சூடு வைக்காதீர்கள். குமிழோடு வருபவை திடீரென்று பல மடங்கானால் மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலோ பிரசவமோ கடும் பத்தியமோ இருந்ததா என்று யோசியுங்கள். எதுவும் இல்லையென்றால் எண்ணெய் மாற்றும் முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். நம் பெண்களுக்கு ரத்தசோகை அவ்வளவு பரவலாக இருக்கும்போது அந்தப் பரிசோதனை எந்தத் தைலத்தையும்விட மலிவு. வகிடு மட்டும் அகன்றுகொண்டே போனாலும், பழைய முடிக்கு நடுவே மெலிந்த குட்டை முடிகள் பெருகினாலும் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். அங்கே நாள் முக்கியம். மயிர்க்கால் முழுதாகச் சுருங்கிய பிறகு தருவதைவிடச் சுருங்கத் தொடங்கும்போதே தரும் மருந்துக்குப் பலன் அதிகம்.